கைக்கடிகாரப் பட்டைக்குள் கிருமிகள் குடித்தனம்! விரட்ட அரை நிமிடம் போதும்

கையில் கட்டி இருக்கும் ஸ்மார்ட் வாட்சைக் கழற்றுங்கள். பட்டையின் உள்பக்கத்தை மூக்குக்கு நேரே கொண்டுபோய் ஒரு தடவை மோந்து பாருங்கள். முகம் சுளிக்கிறதா? அப்படியானால் அங்கே யாரோ குடித்தனம் நடத்துகிறார்கள் என்று அர்த்தம்.

வாடகை கொடுக்காத அந்தக் குடித்தனக்காரர்கள் வேறு யாரும் அல்ல. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்தான்!

முன்பெல்லாம் ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைப்பார்கள். இப்போது கட்டுகிற கடிகாரம் மணி பார்க்க மட்டும் அல்ல. நாடித்துடிப்பை எண்ணுகிறது. நடந்த அடிகளைக் கணக்கு எடுக்கிறது. ராத்திரி ஆசாமி தூங்கினாரா, புரண்டு புரண்டு படுத்தாரா என்று வேவுகூடப் பார்க்கிறது. "கழட்டி வச்சா கணக்கு விட்டுப் போயிடும் சார்" என்று, குளிக்கும்போதும் அதைக் கட்டிக்கொண்டே நிற்கிறவர்கள் உண்டு.

கடற்கரை - தாம்பரம் மின்சார ரெயிலில் சாயங்கால நெரிசலில், கம்பியைப் பிடித்துத் தொங்கும் கைகளைப் பார்த்தாலே தெரியும். எத்தனை மணிக்கட்டில் கறுப்பு ரப்பர் பட்டை!

இறுக்கம் ஏன்?

இந்தக் கடிகாரத்தின் அடியில் பச்சை விளக்கு மின்னும். அந்த வெளிச்சம் தோலுக்குள் பாய்கிறது. ரத்தம் ஏறி இறங்க ஏறி இறங்க, திரும்பி வரும் வெளிச்சம் கூடிக் குறைகிறது. அதை வைத்துத்தான் நாடியை எண்ணுகிறார்கள். கடிகாரம் தொளதொள என்று ஆடினால் கணக்கு தப்பிவிடும். ஆகவே தோலோடு ஒட்டி இருந்தாக வேண்டும்.

வினையும் அங்கேதான் பிறக்கிறது. வேர்வை, செத்த தோல் துகள், எண்ணெய்ப் பிசுக்கு, குளித்தபோது தங்கிய சோப்பு எல்லாம் பட்டைக்கு அடியில் சேருகிறது. காற்று இல்லை. உடம்புச் சூடு வேறு. கிருமிக்கு இதைவிட வசதியான வீடு எங்கே கிடைக்கும்? சென்னை வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியது இல்லை.

100க்கு 95

அமெரிக்காவில் புளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், பலர் கட்டி இருந்த மணிக்கட்டுப் பட்டைகளை வாங்கிச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2023-ல் வெளிவந்தது. 100க்கு 95 பட்டைகளில் கிருமி! புண்ணில் சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டெபைலோகாக்கஸ் இனம் 85 சதவீதத்தில் இருந்தது. மனிதக் குடலில் வாசம் செய்யும் ஈ.கோலி 60 சதவீதத்தில்! குடலில் இருக்க வேண்டியது மணிக்கட்டுக்கு எப்படி வந்தது? கழிப்பறைக்குப் போய்விட்டு, கையைச் சரியாகக் கழுவாத பேர்வழிகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய் வருகிறவர்களின் பட்டையில்தான் ஸ்டெபைலோகாக்கஸ் அதிகம். ரப்பர், பிளாஸ்டிக் பட்டைகளில் கிருமிகள் ஏராளம். தங்கம், வெள்ளிப் பட்டைகளில் அனேகமாக ஒன்றும் இல்லை. (மாப்பிள்ளை வீட்டார் இதைப் படித்துவிட்டுப் புதிதாக எதுவும் கேட்காமல் இருந்தால் சரி!)

இதைக் கேட்டுப் பயந்துபோய் கடிகாரத்தைத் தூக்கிப்போட வேண்டாம். அது சிறிய அளவில் நடந்த ஆராய்ச்சிதான். ஸ்டெபைலோகாக்கஸ் எல்லோருடைய தோலிலும் சாதாரணமாகவே இருக்கும். தோல் முழுசாக இருக்கிறவரை அது வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். சிராய்ப்போ, சொறிந்த புண்ணோ இருந்தால்தான் உள்ளே புகுந்து வேலையைக் காட்டும்.

ஸ்பிரிட் மகிமை

அதே ஆராய்ச்சியாளர்கள் விரட்டும் வழியையும் சோதித்தார்கள். 70 சதவீத ஆல்கஹால் 30 விநாடியில் 99.99 சதவீதக் கிருமிகளைத் தீர்த்துக் கட்டியது. ஆப்பிள் பழக் காடிக்கு அந்த வேகம் இல்லை. கிருமியைக் குறைக்க அதற்கு முழுசாக 2 நிமிடம் தேவைப்பட்டது.

70 சதவீதம் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சுத்த ஆல்கஹால் பட்டதும் கிருமியின் மேல்தோல் சட்டென்று இறுகிவிடும். மருந்து உள்ளே போகாது. தண்ணீர் கலந்திருந்தால் மெதுவாக ஊடுருவிக் கொல்லும். சீக்கிரம் ஆவியாகியும் போகாது. தண்ணீர் கலந்தால் சரக்கின் வீரியம் கூடுவது இந்த ஒரு வியாபாரத்தில்தான்!

செய்ய வேண்டியது பெரிய வித்தை அல்ல. தினம் ஒரு தடவை பட்டையைக் கழற்றி, ரப்பர் பட்டையானால் தண்ணீரில் அலசித் துடைத்துக் காயவிட வேண்டும். வாரத்தில் சில நாள், முக்கியமாக வேர்த்து விறுவிறுத்து வந்த நாளில், மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட் பஞ்சால் பட்டையையும் கடிகாரத்தின் அடிப்பக்கத்தையும் துடைக்கலாம். மணிக்கட்டும் காய்ந்த பிறகே திரும்பக் கட்ட வேண்டும். தோல் பட்டைக்கும் துணிப் பட்டைக்கும் ஸ்பிரிட் ஆகாது. சோப்பு போட்டால் நன்றாக அலச வேண்டும். பட்டைக்கு அடியில் தங்கிய சோப்பே அரிப்பைக் கொண்டுவந்துவிடும்.

சர்க்கரை வில்லை

கடிகாரமாவது தோலுக்கு மேலே கிடக்கிறது. புஜத்தின் பின்பக்கம் சர்க்கரை நோயாளிகள் ஒட்டிக்கொள்ளும் வட்ட வில்லை விஷயம் வேறு. அதில் இருக்கும் மெல்லிய இழை தோலைத் துளைத்து உள்ளே போகிறது. 2014-ல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்த லிப்ரே வகை வில்லை 14 நாள் அப்படியே கையில் இருக்கும். 14 நாளும் தோலில் ஒரு சின்ன வாசல் திறந்து கிடப்பது போலத்தான்.

ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் சோர்ந்துவிடும். சின்னப் புண்ணும் ஆற நாளாகும். இந்தியாவில் 10 கோடி பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று, சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் நடத்திய ஆய்வு 2023-ல் சொன்னது. அவர்களில் வில்லை ஒட்டுகிற எவரும் ஒட்டும் நேரத்தில் அவசரப்படக் கூடாது.

வில்லை கிருமி நீக்கி, மூடித்தான் வருகிறது. அதைக் கெடுப்பது நம் கைதான். முதலில் கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். ஒட்டும் இடத்தையும் கழுவி, துடைத்து, ஸ்பிரிட் தடவி, தானாகக் காயும்வரை பொறுக்க வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று சிலர் வாயால் உஃப் உஃப் என்று ஊதுகிறார்கள். அது கூடவே கூடாது! துடைத்த இடத்துக்கு எச்சில் கிருமியைத் திருப்பி அனுப்புகிற வேலை அது. போன தடவை ஒட்டிய அதே இடத்தில் மறுபடி ஒட்டாமல் இடம் மாற்றுவது நல்லது. "விலை ஜாஸ்தி, இன்னும் நாலு நாள் ஓட்டலாமே" என்று, கழன்று விழுந்ததைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டும் சிக்கனம் ஆபத்து.

வில்லையைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, சூடாக வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே பிடுங்கிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். வெறும் அரிப்பும் தடிப்பும் என்றால் பசையின் ஒவ்வாமையாகவும் இருக்கலாம். 2014-ல் அமெரிக்காவில் பிட்பிட் போர்ஸ் என்ற கைப்பட்டை சுமார் 10 லட்சம் திரும்பப் பெறப்பட்டது. அங்கே குற்றவாளி கிருமி அல்ல, ஒவ்வாமைதான். ஆனால் சொறிந்து புண்ணாக்கினால் கிருமிக்கு வழி திறந்துவிடும்.

ஒட்டி முடித்த கருவியில் ஊசி இருக்கிறது. கழற்றிய வில்லையில் ரத்தம் பட்டிருக்கும். இரண்டையும் காய்கறித் தோலோடு குப்பையில் வீசினால் மறுநாள் காலையில் குத்துப்படுவது தூய்மைப் பணியாளரின் கை. மூடி போட்ட கெட்டி பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சேர்த்து வைத்து, மருத்துவக் கழிவு என்று சொல்லித் தனியாகக் கொடுக்க வேண்டும்.