கணிப்பொறியிடம் பேசக் கற்போம்

“கணிப்பொறிக்கு ஆணையிடக் கற்பதா? அது கணக்கில் வல்லவர்களுக்கு உரியது, நமக்கு எட்டாது” என்று ஒதுங்கி நிற்போர் நம் குடும்பங்களில் பலர். நாள் முழுதும் கைப்பேசியும் கையுமாய்த் திரியும் பிள்ளைகளும் இவ்வாறே கூறுவதுண்டு. இந்த அச்சம் தேவைதானா? கணிப்பொறிக் கல்வியை எல்லோருக்கும் உரியதாக்க முனைந்த சிலரின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

1960-களின் தொடக்கத்தில் இக்கல்வி கடினமாகவே இருந்தது. மாணவன் தன் ஆணைகளை அட்டைகளில் துளைகளாகப் பதித்து, கணிப்பொறிக் கூடத்தில் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். விடை கிடைக்கச் சில மணி நேரமாகலாம்; மறுநாளும் ஆகலாம். ஒரு சிறு குறி தவறியிருந்தாலும் அட்டையைத் திருத்தி, மீண்டும் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள டார்ட்மத் கல்லூரியின் கணிதப் பேராசிரியர்களான ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் ஆகிய இருவரும் இந்நிலையை மாற்ற விரும்பினர். அங்குப் பயின்றவருள் ஏறத்தாழ முக்கால் பங்கினர் அறிவியலோ பொறியியலோ கற்காதவர்கள். அவர்களும் கணிப்பொறியைக் கையாள வேண்டும் என்பதே இருவரின் குறிக்கோள். அதற்காக, எளிய ஆங்கிலச் சொற்கள் சிலவற்றால் ஆன ‘பேசிக்’ என்னும் மொழியை உருவாக்கினர். பலர் ஒரே நேரத்தில் ஒரே கணிப்பொறியைப் பயன்படுத்தும் முறையையும் அமைத்தனர். அதற்கான வேலையில் பெரும்பகுதியைச் செய்து முடித்தவர்கள் அக்கல்லூரியின் இளம் மாணவர்களே! 1964-ஆம் ஆண்டு மே முதல் நாள் விடியற்காலை நான்கு மணிக்கு அம்மொழியின் முதல் ஆணைத்தொடர்கள் இயங்கிச் சரியான விடை தந்தன.

ஆணைத்தொடர் என்பது ‘புரோகிராம்’தான், அதாவது, கணிப்பொறி செய்ய வேண்டியவற்றை வரிசைப்படி எழுதிய பட்டியல். ஒன்று முதல் நூறு வரையுள்ள எண்களைக் கூட்ட வேண்டுமெனக் கொள்வோம். பேசிக் மொழியில் அதனை இவ்வாறு எழுதலாம்:

10 லெட் எஸ் = 0
20 ஃபார் ஐ = 1 டு 100
30 லெட் எஸ் = எஸ் + ஐ
40 நெக்ஸ்ட் ஐ
50 பிரிண்ட் எஸ்
60 எண்ட்

‘எஸ்’ என்பதை ஓர் உண்டியல் என எண்ணுங்கள். முதல் வரி அதனைக் காலியாக வைக்கிறது. இரண்டாம் வரி, ஒன்று முதல் நூறு வரை எண்களை ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்கிறது. மூன்றாம் வரி, எடுத்த எண்ணை உண்டியலில் சேர்க்கிறது. நான்காம் வரி அடுத்த எண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. ஐந்தாம் வரி மொத்தத்தை அச்சிடுகிறது. ஆறாம் வரியோடு வேலை முடிகிறது. விடை 5050. வரி எண்கள் பத்துப் பத்தாக உயர்வது ஏன்? மறந்துபோன ஒரு வரியைப் பின்னர் இடையில் சேர்ப்பதற்கு இடம் வேண்டுமல்லவா? தொடக்கநிலை மாணவன் மறப்பான் என்பதை எதிர்பார்த்தே வகுத்த வழக்கம் அது.

இனி ஒரு தவறு செய்து பார்ப்போம். ‘பிரிண்ட்’ என்னும் சொல்லில் ஓர் எழுத்தை விட்டுவிட்டால், கணிப்பொறி உடனே பிழையென அறிவித்துவிடும். இது எளிய பிழை. ஆனால் உண்டியலைக் காலியாக்கும் வரியைத் தவறுதலாக இருபதாம் வரிக்கும் முப்பதாம் வரிக்கும் இடையில் வைத்துவிட்டால்? ஒவ்வோர் எண்ணும் விழுவதற்கு முன் உண்டியல் காலியாகிவிடும்; இறுதி எண் மட்டுமே எஞ்சும். 5050-க்குப் பதிலாக 100 என்று அச்சாகும். கணிப்பொறி எவ்வித எச்சரிக்கையும் தராது. நாம் கருதியதை அது அறியாது. நாம் சொன்னதையே செய்யும். ஆகவே இக்கல்வியின் உயிர்நாடி கணக்குத் திறமையன்று. எண்ணியதைத் தெளிவாகச் சொல்வதும், வந்த விடையை ஐயுற்றுச் சோதிப்பதும், பிழையை மறைக்காமல் திருத்துவதுமே அதன் உயிர்நாடி.

இதற்கு வயது ஒரு தடையா? டார்ட்மத்தில் இம்முயற்சி நடந்த அதே காலத்தில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஒரு கத்தோலிக்கத் துறவி கணிப்பொறியியலில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். கன்னி மரியாளின் பிறரன்புச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர் அவர்களே அவர். 1932-இல் மடத்தில் சேர்ந்த அவர், ஐம்பது வயதைக் கடந்த பின், 1965-இல் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் கணிப்பொறியியலில் அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவரே. அதே ஆண்டில் அயோவா மாநிலத்தின் டுபூக் நகரிலுள்ள கிளார்க் கல்லூரியில் கணிப்பொறியியல் துறையைத் தொடங்கி, இருபது ஆண்டுகள் வழிநடத்தினார். தாய்மார் கைக்குழந்தையோடு வகுப்புக்கு வரவும் அவர் ஊக்கமளித்தார். கணிப்பொறிக் கல்வி எவருக்கும் உரியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்று மொழிகள் மாறிவிட்டன. சிறுவர்கள் வண்ணக் கட்டங்களை அடுக்கிக் கற்கும் ‘ஸ்கிராட்ச்’ 2007-இலும், இன்று பலர் முதன்முதலாகக் கற்கும் ‘பைத்தான்’ 1991-இலும் வெளிவந்தன. வரி எண்கள் மறைந்தன; ஆயினும் வரிசை, உண்டியல், நிபந்தனை, திரும்பச் செய்தல் என்னும் அடிப்படைகள் மாறவில்லை. “இக்காலத்தில் கணிப்பொறியே ஆணைத்தொடரை எழுதித் தருகிறதே, நாம் ஏன் கற்க வேண்டும்?” என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் விடை 100 என்று வரும்போது, “இது தவறு” என்று சொல்ல ஒருவர் வேண்டாமா? கூலியையும் மதிப்பெண்ணையும் வட்டியையும் கணிப்பொறி கணக்கிடும் காலத்தில், அந்த ஒருவர் இல்லாத வீடு பிறர் சொல்லும் தொகையை அப்படியே நம்ப வேண்டியதாகிவிடும்.

பெற்றோரே, முதல் பாடத்திற்குக் கணிப்பொறிகூட வேண்டியதில்லை. இன்று மாலை, காப்பி தயாரிக்கும் முறையைப் படிப்படியாக எழுதித் தரும்படி உங்கள் பிள்ளையிடம் கூறுங்கள். எழுதியதை மட்டும், ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல், நீங்கள் செய்து காட்டுங்கள். அடுப்பைப் பற்றவைக்கும்படி எழுத மறந்திருந்தால், பால் பச்சையாகவே இருக்கும். வீட்டில் சிரிப்பு எழும். பிள்ளை தாளை வாங்கித் திருத்துவான். அந்தத் திருத்தத்தோடு அவனுடைய கணிப்பொறிக் கல்வி தொடங்கிவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள்.