வரைதல் என்னும் சொல்

சோமனூரில் பொழுது விடிகிறது. வீட்டு வாசலில் கோலம். உள்ளே விசைத்தறியின் ஓசை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை திண்ணையில் அமர்ந்து சித்திரம் வரைகிறான். இந்த 'வரை' என்னும் சிறிய சொல்லுக்குள் எத்தனை அர்த்தங்கள் அடங்கியிருக்கின்றன என்று நேயர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை ஆறு பாகங்களாக வெளியிட்ட தமிழ் லெக்ஸிகனைப் புரட்டுங்கள். (பார்த்தீர்களா, இந்த வாக்கியத்திலேயே ஒரு 'வரை' வந்துவிட்டது!) வரைதல் என்றால் எழுதுதல், அளவு படுத்துதல், விலக்குதல், மணந்துகொள்ளுதல். சங்கச் செய்யுட்களில் தோழி தலைவனிடம் வரைந்துகொள்ளும்படி வேண்டினால், அவள் கேட்பது சித்திரமன்று, கல்யாணம்! மலைக்கும் வரை என்று பெயர். மூங்கிலுக்கும் அதே பெயர். வரையாது கொடுப்பவன் என்றால் அளவின்றிக் கொடுப்பவன்.

ஆங்கிலத்தில் 'டிராயிங்' என்ற சொல்லின் அடிப்படை, இழுத்தல். பென்ஸிலைக் காகிதத்தில் இழுத்தால் சித்திரம். கிணற்றில் தண்ணீர் சேந்துவதும் பாங்கியில் பணம் எடுப்பதும்கூட அந்தச் சொல்லில் அடங்கும். 1888-ம் ஆண்டில் ஸ்டேன்ஸ் ஆலை தோன்றிய கோயமுத்தூரிலோ அதற்கு வேறொரு பொருளும் உண்டு. பஞ்சுத் திரிகள் ஆறையோ எட்டையோ ஒன்றுசேர்த்து இழுத்து, சீரான ஒரே திரியாக்கும் வேலைக்கு நூற்பாலைகளில் டிராயிங் என்றே பெயர்.

அந்தத் திரி நூலாகிச் சோமனூர்த் தறிக்கு வருகிறது. பாவு இழைகளை ஒவ்வொன்றாக இழுத்து விழுதிலும் அச்சிலும் கோக்கவேண்டும். ஆங்கிலத்தில் இதற்கும் அதே சொல்தான்! கோலம் பிசகினால் அழித்துவிட்டு மறுபடி போடலாம்; இங்கே ஓர் இழை தவறினாலோ, நெய்யும் துணி நெடுக வடு விழுந்துவிடும்.

இவ்வளவு கருத்தாக நெய்பவருக்குப் பாவும் சொந்தமில்லை, ஊடையும் சொந்தமில்லை. ஜவுளி உற்பத்தியாளர் நூல் கொடுக்கிறார். பெரும்பாலோர் கூலிக்கு நெய்து கொடுக்கிறார்கள். 2022-லும் 2025-லும் கூலி உயர்வு கோரி இந்தத் தறிகள் வாரக்கணக்கில் ஓசையடங்கி நின்றன. பேசி முடிக்கும் ஒப்பந்தத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கை.

அதாவது, கோடு ஒன்றை வரையச் சொன்னார்கள். வரைந்த கோட்டைத் தாண்டாதிருக்கவும் சொன்னார்கள். வரையாது உழைக்கும் கைகளுக்கு, வரையறுத்த கூலியாவது தவறாமல் கிடைக்க வேண்டாமா?