தண்டனைக்கு முடிவு உண்டு, பதிவுக்கு?

உசிலம்பட்டி வட்டாரத்துப் பெரியவர்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்பார்கள். அரசு ஏட்டில் அதன் பெயர் குற்றப் பரம்பரைச் சட்டம். 1871-இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியை அறிவிக்கை செய்தாலே போதும், அதில் பிறந்தவர் திருடினாரா இல்லையா என்ற விசாரணை தேவைப்படவில்லை. பதிவேட்டில் பெயர் ஏறியவர் விரல் ரேகை தர வேண்டும், இரவில் ஆஜராக வேண்டும், ஊரைவிட்டுப் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. பெண் ஒருவர் உட்படப் பலர் உயிரிழந்தனர்.

பழைய பதிவு புதிய தண்டனையை எப்படி ஏற்றிவிடும் என்பதையும் அந்தச் சட்டமே எழுதிவைத்திருந்தது. அறிவிக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர், பட்டியலிட்ட குற்றம் ஒன்றில் இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால், தனிக் காரணம் இல்லாத வரை ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை. மூன்றாம் முறை என்றால் ஆயுள் முழுவதற்கும் நாடு கடத்தல். அதே குற்றத்தைச் செய்த வேறு சாதிக்காரருக்கு இந்தக் கணக்கு கிடையாது.

இப்படி அறிவிக்கப்பட்ட கள்ளர் சமூகத்தினருக்காக வாதாடிய வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள். முத்துராமலிங்கத் தேவரும் இடதுசாரித் தலைவர்களும் போராடினார்கள். 1947-இல் சென்னை மாகாணத்திலும், 1952-இல் நாடு முழுவதிலும் சட்டம் ஒழிந்தது. ஆனால் இடைப்பட்ட 1948-லேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் சென்னையில் வந்துவிட்டது. சாதிப் பெயர் இருந்த இடத்தில் தனிமனிதர் பெயர் ஏறியது.

இன்று சட்டப் புத்தகத்தைப் புரட்டினால், முதல்முறை தவறியவரிடம் அது காட்டும் கனிவு தெரியும். 1958-இன் நன்னடத்தைச் சட்டப்படி, தகுதியான வழக்கில் நீதிபதி சிறைக்கு அனுப்பாமல் எச்சரித்தோ, பிணைப்பத்திரம் பெற்றோ விட்டுவிடலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா இன்னும் ஒரு படி போகிறது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி முதல்முறை தண்டிக்கப்படுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவை மட்டுமே தண்டனை. மீண்டும் திருட்டில் சிக்கினால் கதை வேறு: ஓராண்டுக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை கடுங்காவல். ஆக, பழைய தண்டனை இன்றும் புதிய தண்டனையைக் கூட்டவே செய்கிறது. பிறப்பைப் பார்த்துக் கூட்டிய காலம் போய், செய்ததைப் பார்த்துக் கூட்டுகிறார்கள். இது பெரிய மாற்றம்தான்.

மாறாதது பதிவு. போலீஸ் ஸ்டேஷனில் 'ஹிஸ்டரி ஷீட்' என்றும், நாளிதழில் 'சரித்திரப் பதிவேடு' என்றும் வழங்கும் கோப்பு இன்னும் திறக்கப்படுகிறது. தண்டனை பெற்றவரோடு, காவல்துறை சந்தேகிப்பவரும் அதில் இடம்பெறலாம். முன்பு அந்தத் தாள் அந்த ஸ்டேஷன் அலமாரியில் கிடக்கும். இப்போது எஃப்.ஐ.ஆர். கணினி வலையில் ஏறி, நாட்டின் எந்த மூலையிலிருந்தும் தேடக் கிடைக்கிறது. 2022-இன் அடையாளச் சட்டம் கைரேகையோடு கருவிழிப் பதிவையும் சேர்த்து, 75 ஆண்டு வைத்திருக்க வழி செய்திருக்கிறது.

இதன் பாரம் வேலை தேடும்போதுதான் தெரியும். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதி, 'சந்தேகத்தின் பலனை அளித்து' விடுவிக்கப்பட்டவரையும், புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதால் தப்பியவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதுகிறது. விடுதலை ஆனவருக்கே இந்த நிலை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைப் பாருங்கள்: இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவர், விடுதலையாகி ஆறு ஆண்டு கழிந்ததும் மறுபடி தேர்தலில் நிற்கலாம். சட்டமன்றக் கதவுக்கு இருக்கும் கெடு, காவலர் வேலைக்கு இல்லை.

விதிவிலக்கு சிறார்களுக்கு உண்டு. 2015-இன் சிறார் நீதிச் சட்டம், மேல்முறையீட்டுக் காலம் முடிந்து உரிய கெடு கழிந்ததும் பதிவை அழிக்கச் சொல்கிறது. பெரியவர்களாக விசாரிக்கப்பட்ட சில கொடுங்குற்ற வழக்குகளுக்கு மட்டும் இது பொருந்தாது. பெரியவர்களுக்கோ இப்படிப் பொதுவான சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. ரேகைப் பதிவேட்டை நமக்குத் தந்த பிரிட்டன், தன் மக்களுக்கு 1974-லேயே ஒரு மறுவாழ்வுச் சட்டம் இயற்றிக்கொண்டது. குறிப்பிட்ட காலம் குற்றமின்றி வாழ்ந்தவர் பல வேலைகளுக்குப் பழைய தண்டனையைச் சொல்லவே வேண்டியதில்லை.

தண்டனைக்கு நீதிபதி நாள் குறிக்கிறார். பதிவுக்கும் சட்டம் நாள் குறிக்க வேண்டும். கொடுங்குற்றங்களை ஒதுக்கிவிட்டு, சிறு வழக்குகளில் இதைத் தொடங்க எந்தத் தடையும் இல்லை.

அதுவரை வாசகர்கள் மூன்றை மனதில் கொள்ளுங்கள். 'ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டால் முடிந்தது' என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். பெட்டி கேஸில் கட்டும் அபராதமும் தண்டனையே. நன்னடத்தைச் சட்டத்தின் பலனைக் கேட்க முடியுமா என்று தீர்ப்புக்கு முன்பே வக்கீலிடம் பேசுங்கள்; அதன் 12-ஆம் பிரிவு, தண்டனையால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. வேலைக்கான படிவத்தில் வழக்கு உண்டா என்று கேட்டால் மறைக்காதீர்கள். சிறு வழக்கை மன்னிக்க வேலை தருபவருக்கு இடம் உண்டு என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மறைத்தது தெரிந்தால், கிடைத்த வேலையும் கையைவிட்டுப் போகலாம்.