சொந்தப் பேனை, சொந்தக் கையெழுத்து: ரீபில் தெரிவும் பழுதுபார்த்தலும்

2009ஆம் ஆண்டு யுத்தம் முடிவுக்கு வந்தது. ஆனால் திருகோணமலை மாவட்டத்துப் பெண்களுக்குக் கடதாசி வேலை இன்னும் முடியவில்லை. 2006ஆம் ஆண்டு சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள், 2015, 2016ஆம் ஆண்டுகளில் காணிகள் விடுவிக்கப்பட்ட பின்னர் தமது காணியை உறுதிப்படுத்தப் படிவங்கள் நிரப்பின. 2016ஆம் ஆண்டின் சட்டங்கள் மூலம் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமும், காணாமற்போனவருக்கென ஒரு தனிச் சான்றிதழும் வந்தபோது, கணவனையும் பிள்ளைகளையும் தேடும் பெண்கள் மீண்டும் எழுத வேண்டியிருந்தது. 2023இல் அஸ்வெசும கொடுப்பனவு ஆரம்பித்தபோதும் விண்ணப்பம், மேன்முறையீடு என்று அலைச்சல் தொடர்ந்தது. இவற்றோடு வங்கி, பாடசாலை, சங்கம், குழுக்கடன் என்று கையொப்பம் கேட்காத இடமே இல்லை.

பிரதேச செயலகத்தின் முன்னால் வரிசையில் நிற்கும் பெண்களைக் கவனித்துப் பாருங்கள். ஒரு பேனை பத்துக் கைகளுக்கு மாறும். பாதியில் எழுதாமல் நின்றுவிடும். அப்போது பக்கத்தில் நிற்கும் ஒருவர், "தாங்கோ அக்கா, நான் நிரப்பித் தாறன்" என்பார். பெரும்பாலும் அது நல்ல மனதோடு செய்யும் உதவிதான். ஆனாலும் என்ன எழுதப்பட்டது என்று அறியாமலே கையொப்பம் வைக்கும் நிலை அங்கேதான் தொடங்குகிறது. குடும்பத்தைத் தனித்துச் சுமக்கும் பெண்ணிடம் எழுதக்கூடிய சொந்தப் பேனை ஒன்று இருப்பது சின்ன விடயமல்ல. அந்தப் பேனையைத் தெரிவு செய்வதையும் பழுது பார்ப்பதையும் பற்றியதே இக்கட்டுரை.

மூன்று வகை மை

பேனைகள் பல நிறத்தில், பல விலையில் கிடைத்தாலும் உள்ளே இருக்கும் மையை வைத்து அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது குமிழ்முனைப் பேனை. ஹங்கேரி நாட்டுப் பத்திரிகையாளரான லஸ்லோ பிரோ 1938ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றார். இதன் நுனியில் மிகச் சிறிய குண்டு ஒன்று இருக்கிறது. நாம் எழுதும்போது அது உருண்டு, குழாயிலுள்ள களிபோன்ற மையைக் கடதாசியில் பூசுகிறது. மை எண்ணெய்த் தன்மை கொண்டதால் தண்ணீரில் இலகுவில் கரையாது. சுமார் ஒன்று தொடக்கம் இரண்டு கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு ரீபில் எழுதும்.

இரண்டாவது ஜெல் பேனை. 1984ஆம் ஆண்டு ஜப்பானில் அறிமுகமானது. மை தண்ணீர் கலந்த கூழ் போன்றது. அழுத்தாமலே கறுப்பாக, வடிவாக எழுதும். அதனால்தான் மாணவர்கள் விரும்புகிறார்கள். ஆனால் மை கூடுதலாக இறங்குவதால் விரைவில் தீர்ந்துவிடும். சில ஜெல் மை தண்ணீர் பட்டதும் பரவும், சில பரவாது.

மூன்றாவது கூர்முனை கொண்ட மைப் பேனை. எங்கள் பெற்றோர் போத்தல் மை நிரப்பி எழுதிய பேனை இதுதான். சாதாரண நீல மை தண்ணீரில் கரைந்து போய்விடும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோது கிண்ணியா, மூதூர், குச்சவெளிக் கரையோரங்களில் எத்தனையோ வீடுகளின் பெட்டிகளும் அலுமாரிகளும் நனைந்தன. அவ்வாறு நனையும் கடதாசிகளில் மைப் பேனையால் எழுதியவை நீலக் கறையாகப் பரவிவிடும். குமிழ்முனைப் பேனையால் எழுதியவை காயவைத்த பின்னும் பெரும்பாலும் வாசிக்கக்கூடியதாக இருக்கும். மகாவலி கடலில் கலக்கும் மாவட்டம் எங்களுடையது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மூதூர், வெருகல் பக்கம் புகுந்த வெள்ளத்தையும் நாம் மறக்கவில்லை. ஆகவே எந்த மையால் எழுதுகிறோம் என்பது எங்களுக்கு முக்கியம்.

எந்த வேலைக்கு எந்தப் பேனை?

காணி, பிறப்பு, இறப்பு, காணாமற்போனோர் தொடர்பான கடதாசிகளுக்கும் சத்தியக்கடதாசிக்கும் கறுப்பு அல்லது நீலக் குமிழ்முனைப் பேனையே நல்லது. கறுப்பு, போட்டோப் பிரதியில் தெளிவாக விழும். நீலத்தால் வைத்த கையொப்பம், எது மூலப்பிரதி எது போட்டோப் பிரதி என்று பார்த்தவுடன் காட்டும். வெளிர் நீலம், பச்சை, சிவப்பு வேண்டாம்.

காபன் தாள் வைத்து இரண்டு மூன்று பிரதி எழுதும் படிவங்களுக்குக் கட்டாயம் குமிழ்முனைப் பேனை வேண்டும். ஜெல் பேனையை அழுத்தி எழுதினால் நுனி கெடும், அடிப்பிரதியும் தெளிவாக விழாது.

அழிக்கக்கூடிய மைப் பேனைகளும் கடைகளில் உண்டு. பின்பக்க இறப்பரால் உரஞ்சினால் எழுத்து மறையும். அந்த மை சூட்டால் மறையும் வகை. ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் சூடு பட்டால் எழுத்து முழுவதும் மறைந்துவிடும். லமினேற் பண்ணினாலோ, கடதாசியை ஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்த்தாலோ, வெயிலில் பூட்டிய வாகனத்தினுள் கண்ணாடியோரம் வைத்தாலோ கையொப்பமே காணாமல் போகலாம். பிள்ளைகள் கணக்குப் பயிற்சி செய்யப் பாவிக்கலாம். படிவத்திலும் காசோலையிலும் ஒருபோதும் பாவிக்கக் கூடாது. வேறொருவர் தரும் பேனையால் கையொப்பமிட நேர்ந்தால், அதன் பின்முனையில் இறப்பர் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

ரீபில் வாங்கும்போது

எல்லா ரீபிலும் எல்லாப் பேனைக்கும் பொருந்தாது. மிகச் சிறந்த வழி, பழைய ரீபிலைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோவதுதான். புதியதைப் பக்கத்தில் வைத்து நீளம், தடிப்பு, நுனியின் வடிவம் மூன்றையும் ஒப்பிடுங்கள். அமுக்கும் பேனையாக இருந்தால், சிறு சுருள்கம்பி தங்கி நிற்பதற்கு ரீபிலில் இரு பக்கமும் சிறிய புடைப்பு இருக்க வேண்டும். பார்க்கர் வகைத் தடித்த ரீபில் ஏறத்தாழ 98 மில்லிமீற்றர் நீளமானது. பல நிறங்கள் ஒன்றாக உள்ள பேனைகளில் 67 மில்லிமீற்றர் நீளமான மெல்லிய உலோக ரீபில் பரவலாக உண்டு.

நுனியின் அளவு 0.5, 0.7, 1.0 என்று எழுதப்பட்டிருக்கும். அது குண்டின் விட்டம், மில்லிமீற்றரில். சிறு கட்டங்கள் நிறைந்த படிவத்துக்கு 0.5 அல்லது 0.7 வசதி. பார்வை குறைந்த அம்மாமாருக்கும் கை நடுங்குவோருக்கும் 1.0 இலகுவாக ஓடும்.

குமிழ்முனை ரீபில் சற்று நீளமாக இருந்தால், மையில்லாத வாற்பகுதியைச் சிறிது வெட்டலாம். கட்டையாக இருந்தால் உறிஞ்சு குழாய்த் துண்டு ஒன்றைப் பின்னால் செருகலாம். ஆனால் ஜெல் ரீபிலின் வாலை வெட்டவே கூடாது. மைக்கு மேலே தெரியும் கண்ணாடி போன்ற கொழுப்புத்தான் மை பின்னால் வழியாமலும் காயாமலும் காக்கிறது.

எழுத மறுத்தால் என்ன செய்வது?

புதிய ரீபில் எழுதவில்லையா? நுனியில் மெழுகுத்துளி போன்ற மூடி இருக்கும். நகத்தால் எடுத்துவிட்டு எழுதிப் பாருங்கள்.

சுவரில் கடதாசியை வைத்து எழுதினீர்களா? வரிசையில் நிற்கும்போது நாம் எல்லோரும் செய்வது இது. பேனை மேல்நோக்கி இருந்தால் மை குண்டுக்கு வராது, காற்றுப் புகுந்துவிடும். சிறிது நேரம் நுனி கீழே இருக்க வையுங்கள். இனிமேல் தடித்த கொப்பி ஒன்றைக் கையில் கொண்டுபோய் அதன்மேல் வைத்து எழுதுங்கள்.

சில இடத்தில் மட்டும் எழுத்து விழவில்லையா? குற்றம் பேனையில் அல்ல, கடதாசியில். தலைக்கு எண்ணெய் வைத்த கை, மீன் வெட்டிய கை, வியர்வை எல்லாம் கடதாசியில் படும். எண்ணெய் பட்ட இடத்தில் குண்டு உருளாமல் வழுக்கும். கை கழுவித் துடைத்து, எழுதும்போது கையின் கீழே வெற்றுத்தாள் ஒன்றை வையுங்கள். மாரிகாலத்தில் ஈரம் ஊறிய கடதாசியிலும் இவ்வாறே நடக்கும். உலரவிட்டு எழுதுங்கள்.

மை நடுவில் இடைவெளி தெரிகிறதா? அது காற்றுக் குமிழி. பேனையைத் துணியால் சுற்றி, நுனி வெளிப்பக்கம் இருக்குமாறு பிடித்து, காய்ச்சல்மானியை உதறுவதுபோல் நாலைந்து தடவை உதறுங்கள்.

நுனி காய்ந்துவிட்டதா? குமிழ்முனைப் பேனையானால் நுனியைச் சிறு பொலித்தீன் பையினுள் வைத்து, கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். பின் துடைத்து, கொப்பியின்மேல் வைத்த கடதாசியில் வட்டம் வட்டமாகக் கீறுங்கள். இறப்பர்ச் செருப்பின் அடிப்பாகத்தைக் கழுவித் துடைத்து அதில் கீறினாலும் குண்டு உருளத் தொடங்கும். ஜெல் பேனைக்கு இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த துணியால் நுனியைச் சில விநாடி பொத்திப் பிடித்தால் போதும்.

நெருப்புக்குச்சியாலோ லைற்றராலோ சுடாதீர்கள். பிளாஸ்ரிக் உருகும், மை பொங்கி வழியும், சில வேளை குண்டே கழன்றுவிடும். வாயால் உறிஞ்சுவதும் கூடாது.

மை கசிகிறதா? சீமெந்துத் தரையில் நுனி குத்தி விழுந்திருந்தால் குண்டு அசைந்திருக்கும். அதைத் திருத்த முடியாது, ரீபிலை மாற்றுவதே வழி. பேனைக் குழாயின் பக்கத்தில் சிறு துளை இருக்கும். மை இறங்க இறங்கக் காற்று உள்ளே போவதற்கானது அது. பேப்பர் ஒட்டி அதை அடைத்துவிட வேண்டாம்.

மைப் பேனை அடைத்துக்கொண்டால் சாதாரண தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவுங்கள். கொதிநீர் ஊற்றக் கூடாது. சித்திரம் கீறும் கறுப்பு மையை அதில் நிரப்பினால் உள்ளே இறுகிவிடும்.

சட்டையில் குமிழ்முனை மை பட்டால், கீழே பழந்துணி ஒன்றை வைத்து, ஸ்பிரிற் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுத்த பின் சவர்க்காரம் போடுங்கள். முதலில் துணியின் ஓர் ஓரத்தில் ஒற்றிச் சாயம் போகிறதா என்று பார்ப்பது நல்லது.

சிறு கடை நடத்தும் சகோதரிகளுக்கு

வீட்டு வாசலில் கடை வைத்திருக்கும் பெண்கள் பலர் கொப்பி, பேனையும் விற்கிறார்கள். ரீபிலை வெயில் படும் கண்ணாடிப் போத்தலில் வைக்காதீர்கள். சூட்டில் மை இளகிக் கசியும். நிழலான பெட்டியில், ஜெல் வகையை நுனி கீழாக நிறுத்தி வையுங்கள். முதலில் வாங்கியதை முதலில் விற்றுவிடுங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் கிடந்தவை எழுதும் என்று நம்ப முடியாது. ஆகவே மலிவு என்று பெருந்தொகையாக வாங்கவும் வேண்டாம். விற்கும்போது ஒரு தாளில் எழுதிக் காட்டிக் கொடுத்தால் வாங்குபவர் மறுமுறையும் உங்களிடமே வருவார். பாடசாலைத் தவணை தொடங்கும் காலமும் பரீட்சைக் காலமும் உங்கள் விற்பனைக் காலங்கள். பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு இரண்டு பேனை வேண்டும் என்றும், இரண்டையும் முதல்நாளே எழுதிப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுங்கள்.

எழுதியதைப் பாதுகாத்தல்

வெறும் வெள்ளைப் படிவத்தில் கையொப்பமிட வேண்டாம். குழுக்கடனில் மற்றவருக்குப் பிணை நிற்கும் படிவமும் உங்களைக் கட்டுப்படுத்தும். தொகையும் வட்டியும் எழுதப்பட்ட பின், வாசித்து அல்லது வாசிக்கக் கேட்டு, பிறகே கையொப்பமிடுங்கள். தொகை எழுதும் வரியில் மிஞ்சும் இடத்தைக் கோடு இழுத்து மூடுங்கள். பிழை வந்தால் வெள்ளை மை பூசாமல், ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் சுருக்கொப்பம் வையுங்கள்.

வங்கி இயந்திரம் தரும் பற்றுச்சீட்டுகளில் மையே இல்லை. அவை சூட்டால் அச்சாகும் தாள். சில மாதங்களில் வெளிறிவிடும். முக்கியமானவற்றை உடனே போட்டோப் பிரதி எடுங்கள். பிரதிகளைப் பிளாஸ்ரிக் உறையில் இடும்போது இடையில் வெற்றுத்தாள் வையுங்கள். இல்லாவிட்டால் எழுத்து பிளாஸ்ரிக்கில் ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னர் எல்லாக் கடதாசிகளையும் எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள்.

ஒரு சிறிய பையில் எழுதிப் பார்த்த குமிழ்முனைப் பேனை இரண்டு, பொருத்தமான ரீபில் ஒன்று, தடித்த கொப்பி ஒன்று, அடையாள அட்டையின் பிரதி ஆகியவற்றை எப்போதும் ஆயத்தமாக வைத்திருங்கள். அலுவலகம் போகும் நாளில் அதை எடுத்துச் சென்றால் போதும். எந்த அலுவலகத்தில் என்ன சொன்னார்கள், யாரிடம் படிவம் கொடுத்தோம், எந்தத் திகதி என்பதையும் அந்தக் கொப்பியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாத சகோதரி பக்கத்தில் இருந்தால் அவருடைய பெயரை எழுதப் பழக்குங்கள். பெருவிரல் அடையாளம் வைத்து வந்தவர் ஒருவர் தன் பெயரைத் தானே எழுதப் பழகிவிட்டால், அடுத்த முறை படிவத்தைக் கையில் வாங்கி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரே கேட்பார்.