மண் மாதிரிப் பைக்கு அடையாளமிடுதல்

மண் மாதிரியைச் செவ்வையாக எடுக்குங் கமக்காரரும் பைக்கு அடையாளமிடும்பொழுது அவசரப்படுகின்றனர். ஈரமண்ணிற் பட்ட கடதாசியில் மை கரைந்துவிடும். பேனாவை நம்பி மறுமுறை மண் வெட்டியோர் பலர். அடையாளம் மாறினாலோ, அயலவரின் அமிலமண்ணுக்குரிய சுண்ணாம்பு, அது வேண்டாத உங்கள் மிளகாய்த் தோட்டத்துக்கு விதிக்கப்படும்.

மண்ணை நிழலில் உலர்த்திய பின்னரே பையிலிடுதல் வேண்டும். உங்கள் பெயர், காணியின் பெயர், மண்ணெடுத்த ஆழம், திகதி, இனிச் செய்யும் பயிர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுக; பென்சிற் கரி நீரிற் கரையாது. அத்துண்டை மண்ணோடு சேர்க்காது, ஒன்றனுள் ஒன்றாக இட்ட இரு பொலித்தீன் பைகளுக்கிடையே வைத்தல் நன்று.

பார்கோட் எனப்படும் கோட்டுக்குறி ஒட்டிய பை தரப்படின், அக்குறியை மடித்தலும், அதன் இருபுறத்து வெற்றிடத்தில் எழுதுதலும் ஆகா. கோடுகள் தொடங்குமிடத்தையும் முடியுமிடத்தையும் கருவி அவ்வெற்றிடத்தைக் கொண்டே அறிகின்றது. குறியின்கீழுள்ள இலக்கத்தை உங்கள் குறிப்புப் புத்தகத்திலும் பதிந்துகொள்க.