பிரிந்த ஜோடிகள் சேர்ந்து பாடிய ‘ரூமர்ஸ்’!

ஒரே ஆபீஸில் வேலை பார்க்கும் கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டால், பெரும்பாலும் ஒருவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அப்படிப் போக வழியில்லாமல் தினமும் எதிரெதிரே உட்கார வேண்டியிருந்தால்? அதிலும், தன்னைக் குற்றம்சாட்டி மற்றவர் எழுதிய பாட்டுக்குத் தானே வாசிப்பதுதான் அந்த வேலை என்றால்?

1976-ல் ஐந்து பேர் அந்த நிலைமையில்தான் இருந்தார்கள். அமெரிக்காவின் சான்ஃபிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில், கடலோர ஊரான சாஸலிட்டோவில், ஜன்னல் இல்லாத ஒரு ஸ்டூடியோ. அங்கே ‘ஃப்ளீட்வுட் மேக்’ என்ற ராக் இசைக்குழு பதிவு செய்யத் தொடங்கிய ஆல்பம்தான் ‘ரூமர்ஸ்’. வதந்திகள் என்று பொருள். உலகம் முழுக்க நான்கு கோடிக்கு மேல் விற்ற ஆல்பம் அது.

குழுவில் யார் யார்? டிரம்ஸ் மிக் ஃப்ளீட்வுட், பேஸ் கிடார் ஜான் மெக்வீ. குழுவின் பெயரே இந்த இருவருடையதுதான். ஜானின் மனைவி கிறிஸ்டின் கீபோர்டு வாசித்துப் பாடுவார். மூவரும் இங்கிலாந்துக்காரர்கள். கிடாருக்கு ஆள் தேடியபோது, அமெரிக்க இளைஞர் லிண்ட்சி பக்கிங்ஹமை மிக் கூப்பிட்டார். “என் காதலியையும் சேர்த்துக்கொண்டால்தான் வருவேன்” என்றார் லிண்ட்சி. அந்தக் காதலி, பாடகி ஸ்டீவி நிக்ஸ். இந்த ஐவர் கூட்டணி 1975-ல் வெளியிட்ட முதல் ஆல்பம் மெதுவாக ஏறி, மறுவருடம் அமெரிக்காவில் முதலிடத்துக்கே போனது.

ஆல்பம் மேலே ஏற ஏற, வீடுகள் சரிந்தன. 1968-ல் கல்யாணம் செய்துகொண்ட ஜானும் கிறிஸ்டினும் பிரிந்தார்கள். பள்ளி நாள்களிலிருந்து பழகிய லிண்ட்சியும் ஸ்டீவியும் பிரிந்தார்கள். மிக்கின் திருமண வாழ்க்கையும் அதே சமயத்தில் உடைந்தது. சாஸலிட்டோவில் ஆண்கள் மூவரும் ஸ்டூடியோவுக்குச் சொந்தமான வீட்டில் தங்க, பெண்கள் இருவரும் வேறிடம் பார்த்துக்கொண்டார்கள். விடிய விடிய வேலை. நடுவில் மது, கொகெய்ன். வேலை விஷயம் தவிர மற்ற பேச்சு குறைந்துபோனது. ஆனாலும் யாரும் மூட்டை கட்டவில்லை. வருடக்கணக்கில் காத்திருந்த வெற்றி அப்போதுதான் வந்திருந்தது. அதை விட்டுவிட்டுப் போக யாருக்கு மனசு வரும்?

வாயால் பேச முடியாததைப் பாட்டில் பேசினார்கள். ‘உன் வழியைப் பார்த்துப் போ’ என்கிற அர்த்தத்தில் ‘கோ யுவர் ஓன் வே’ பாட்டை எழுதினார் லிண்ட்சி. அதில் தன் நடத்தையைக் கொச்சைப்படுத்தும் ஒரு வரி இருப்பதாக ஸ்டீவி கொதித்தார். எடுத்துவிடச் சொல்லிக் கேட்டார். லிண்ட்சி மறுத்துவிட்டார். அதோடு முடியவில்லை. அந்தப் பாட்டுக்குப் பின்குரல் கொடுக்க வேண்டியவரும் ஸ்டீவிதான். கொடுத்தார். பிறகு மேடை மேடையாகப் பல வருடங்கள் பாடவும் செய்தார்.

ஸ்டீவியின் பதில் ‘ட்ரீம்ஸ்’. அதே ஸ்டூடியோ கட்டடத்தில் ஆளில்லாமல் கிடந்த ஓர் அறைக்குள் போய், அங்கிருந்த கட்டிலில் உட்கார்ந்து, பத்தே நிமிடத்தில் எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். முதலில் கேட்ட கிறிஸ்டினுக்கு அது சலிப்பாக இருந்தது. திரும்பத் திரும்ப அதே இரண்டு மூன்று கார்டுகள்தானே! அந்த ஒரே கார்டுகளை வைத்துக்கொண்டு, பாட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் தனி நிறம் கொடுத்தவர் யார் தெரியுமா? லிண்ட்சி. தன்னைப் பற்றிய புகாரைத் தானே மெருகேற்றித் தந்தார். அமெரிக்காவில் இந்தக் குழுவுக்கு முதலிடம் கிடைத்த ஒரே தனிப்பாடல் அதுதான்.

கிறிஸ்டின் கொஞ்சம் சாமர்த்தியசாலி. குழுவின் விளக்கு அமைப்பாளரோடு ஏற்பட்ட புதுக் காதலைப் பற்றி ஒரு பாட்டு எழுதிவிட்டு, “இது என் நாயைப் பற்றியது” என்று ஜானிடம் சொல்லிச் சமாளித்தார். ஜானும் அதற்கு அருமையாக பேஸ் வாசித்தார். பிரிவுக்குப் பிறகு ஜானை மனதில் வைத்து கிறிஸ்டின் எழுதிய நம்பிக்கைப் பாட்டு ‘டோன்ட் ஸ்டாப்’. அது தன்னைப் பற்றியது என்று யாரோ சொல்லித்தான், பல வருடங்கள் கழித்து ஜானுக்கே தெரிந்ததாம்! 1992-ல் பில் கிளின்டன் தேர்தல் பிரசாரத்துக்கு அந்தப் பாட்டைத்தான் எடுத்துக்கொண்டார். அவர் பதவியேற்பு விழாவுக்காக, அதற்குள் கலைந்துபோயிருந்த ஐவரும் மறுபடி ஒரே மேடையில் ஏறினார்கள்.

வம்புக்காக வாங்கியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் வம்பு கொஞ்ச நாளில் பழசாகிவிடும். இந்த ஆல்பம் பழசாகாததற்குக் காரணம் அவர்கள் கொட்டிய உழைப்பு. கிறிஸ்டின் தனியாகப் பாடிய ‘சாங்பேர்ட்’ பாட்டுக்கு ஸ்டூடியோ சரிப்படவில்லை. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பெரிய அரங்கத்தை ஓர் இரவுக்குப் பிடித்தார்கள். ஆளில்லாத மேடையில் ஒரு பியானோ, அதன்மேல் ரோஜாக்கள். கச்சேரி போலவே விளக்கு போட்டு, விடியும்வரை பதிவு செய்தார்கள்.

இன்னொரு கண்டம் டேப்புக்கு வந்தது. மாதக்கணக்கில் மேலே மேலே பதிவு செய்ததில் டேப் தேய்ந்து, டிரம்ஸ் ஓசை மழுங்கிவிட்டது. நல்லவேளை, ஆரம்பத்திலேயே இரண்டாவது டேப் ஒன்றிலும் பதிவு செய்து வைத்திருந்தார்கள். ஆனால் இரண்டையும் ஒரே வேகத்தில் ஓடவைக்கும் வசதி இல்லை. ஒரு நிபுணர் வந்தார். ஹெட்போனில் ஒரு காதில் பழைய டேப், மறு காதில் புதிய டேப். வேகத்தைக் கையாலேயே கூட்டிக் குறைத்து, தாளத்தோடு தாளம் பொருந்த வைத்தார். அன்றைக்கு அவர் கை தவறியிருந்தால்..?

1977 பிப்ரவரியில் ஆல்பம் வெளிவந்தது. அமெரிக்காவில் மொத்தம் 31 வாரம் முதலிடம். அடுத்த ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதும் வந்தது. 2020-ல் ஒருவர் ஸ்கேட்போர்டில் போய்க்கொண்டே ஜூஸ் குடித்து ‘ட்ரீம்ஸ்’ பாட்டுக்கு வாயசைத்த டிக்டாக் வீடியோ பரவ, 43 வருடத்துப் பாட்டு மறுபடி பட்டியலில் ஏறியது. கிறிஸ்டின் 2022 நவம்பரில் காலமானார்.

ஆல்பத்தில் இடம் கிடைக்காத பாட்டு ஒன்றும் உண்டு. லிண்ட்சியை நினைத்து ஸ்டீவி எழுதிய ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’. இசைத்தட்டில் இடம் போதாது, பாட்டு நீளம் என்று எடுத்துவிட்டார்கள். ஸ்டீவி கத்தித் தீர்த்தார். பயனில்லை. கடைசியில் அது ஒரு சின்ன இசைத்தட்டின் பின்பக்கத்துக்குப் போனது. அந்தத் தட்டின் முன்பக்கத்தில் இருந்தது, அதே ‘கோ யுவர் ஓன் வே’!

இருபது வருடம் கழித்து, 1997-ல் ஐவரும் சேர்ந்து நடத்திய நிகழ்ச்சியில் ஸ்டீவி அதைப் பாடினார். மெதுவாகத்தான் தொடங்கினார். பாட்டு உச்சிக்குப் போகும்போது ரசிகர்களை விட்டுவிட்டு லிண்ட்சியின் பக்கம் திரும்பினார். அவர் கண்களை நேராகப் பார்த்துக்கொண்டே பாடினார். லிண்ட்சியும் பார்வையை விலக்கவில்லை. அவர் கை மட்டும் கிடாரை வாசித்துக்கொண்டிருந்தது.