பைசா செலவில்லாமல் லேப்டாப்பில் 'ஆர்' சாஃப்ட்வேர்... நீங்களே இன்ஸ்டால் செய்வது எப்படி?

திருவண்ணாமலையில் பௌர்ணமி என்றாலே லட்சக்கணக்கான பக்தர்கள் கிரிவலம் வருவார்கள். 14 கிலோமீட்டர் பாதையைச் சுற்றி முடிக்க ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? எந்த நேரத்தில் கூட்டம் அதிகம்? இதையே காலேஜ் புராஜெக்ட்டாக எடுத்து, 300 பேரிடம் கேட்டு எழுதி வந்தாச்சுன்னு வைங்க. அடுத்து, அந்த விவரங்களை அலச ஒரு சாஃப்ட்வேர் வேண்டும்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கட்டண சாஃப்ட்வேரின் 'கிராக்' பதிப்பை பென்டிரைவில் வாங்கி லேப்டாப்பில் போடுகிறார்கள். இது சட்டப்படி தவறு. கூடவே வைரஸும் வந்துவிட்டால் மொத்த புராஜெக்ட்டும் போச்சு! முழுக்க இலவசமாக 'ஆர்' இருக்கும்போது இந்த ரிஸ்க் எதற்கு?

'ஆர்' என்றால் என்ன?

புள்ளியியல் கணக்குகளுக்கும் வரைபடங்களுக்குமான கணினி மொழி இது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவர் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கினார்கள. 1995 முதல் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். உலகம் முழுக்க ஆய்வாளர்கள் எழுதிய 20,000-க்கும் அதிகமான 'பேக்கேஜ்'களும் இலவசம்தான்.

இன்ஸ்டால் செய்யும் முன்...

விண்டோஸ் செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதில் 'அபவுட்' பகுதிக்குப் போங்க. 'சிஸ்டம் டைப்' என்ற இடத்தில் 64 பிட் என்று இருந்தால் பிரச்னை இல்லை. பழைய லேப்டாப் சிலவற்றில் 32 பிட் விண்டோஸ் இருக்கும். 2022-ல் வந்த 4.2.0 பதிப்பு முதல் 32 பிட்டுக்கு ஆர் கிடையாது. அவர்கள் பழைய பதிப்புகள் பட்டியலில் இருந்து 4.1.3-ஐ எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்டெப் பை ஸ்டெப்

1. ஆர் புராஜெக்ட்டின் அதிகாரப்பூர்வ தளமான 'கிரான்' பக்கத்துக்குப் போங்க. விண்டோஸ் என்பதைத் தேர்வு செய்து, 'பேஸ்' என்ற லிங்க்கை அழுத்தி டவுன்லோடு செய்யுங்கள்.

2. வந்த ஃபைலைத் திறந்து, எதையும் மாற்றாமல் 'நெக்ஸ்ட்' கொடுத்துக்கொண்டே போனால் போதும்.

3. அடுத்து 'பாசிட்' நிறுவனத்தின் தளத்தில் 'ஆர்ஸ்டுடியோ டெஸ்க்டாப்' இலவசப் பதிப்பை எடுத்து இன்ஸ்டால் செய்யுங்கள்.

இந்த வரிசை முக்கியம். கணக்குப் போடுவது ஆர். அதை வசதியாக இயக்க உதவும் மேஜைதான் ஆர்ஸ்டுடியோ. ஆர் இல்லாமல் ஆர்ஸ்டுடியோ வேலை செய்யாது. புதிய ஆர்ஸ்டுடியோ 32 பிட்டில் ஓடாது. அவர்கள் ஆரோடு வரும் விண்டோவையே பயன்படுத்தலாம்.

ஆப்பிள் மேக் என்றால், உங்கள் சிப் இன்டெல்லா, எம் வரிசையா என்று பார்த்து அதற்கேற்ற ஃபைலை எடுங்கள்.

சரியாக வந்திருக்கா?

ஆர்ஸ்டுடியோவைத் திறந்தால் இடப்பக்கம் 'கன்சோல்' தெரியும். அதில் 14/4 என்று டைப் செய்து என்டர் தட்டுங்க. [1] 3.5 என்று வரும். அதாவது, 4 மணி நேரத்தில் கிரிவலம் முடித்தவர் மணிக்கு 3.5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்திருக்கிறார். முன்னால் வரும் [1] என்பது அந்த வரியின் முதல் விடை என்பதைக் காட்டும் எண், அவ்ளோதான்!

சிவப்பு எழுத்து வந்தால்?

பயப்பட வேண்டாம். சிவப்பு எழுத்தெல்லாம் பிழை அல்ல. பல நேரம் வெறும் தகவல்தான். 'எரர்' என்ற சொல் இருந்தால் மட்டும் நின்று படியுங்கள். பேக்கேஜ் இன்ஸ்டால் செய்யும்போது 'ஆர்டூல்ஸ் தேவை' என்ற எச்சரிக்கை வரலாம். ரெடிமேடாகக் கிடைக்கும் பேக்கேஜ்களுக்கு அது தேவையில்லை. 'சோர்ஸில் இருந்து இன்ஸ்டால் செய்யவா?' என்று கேட்டால் 'நோ' கொடுங்கள்.

தமிழ் எழுத்து வருமா?

தாராளமாக வரும். 4.2.0 பதிப்பு முதல் விண்டோஸ் 10, 11-ல் தமிழ்ப் பெயர்கள் சிதையாமல் தெரிகின்றன. எக்செல் ஃபைலை சேமிக்கும்போது 'சி.எஸ்.வி. யு.டி.எஃப்-8' என்ற வகையைத் தேர்வு செய்ய மறக்காதீங்க. ஃபோல்டர் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் வைப்பது பாதுகாப்பு.

லேப்டாப்பே இல்லையா?

கூகுள் கோலாப் தளத்தில் 'ரன்டைம்' வகையை ஆர் என்று மாற்றினால் பிரவுசரிலேயே இயக்கலாம். மொபைலிலும் திறக்கும், டைப் செய்வதுதான் கொஞ்சம் சிரமம்.

கடைசியாக ஒன்று. கட்டளைகளை கன்சோலில் மட்டும் அடிக்காமல், 'ஆர் ஸ்கிரிப்ட்' ஃபைலாகச் சேமித்து வையுங்கள். வைவாவில் 'இந்த விடை எப்படி வந்தது?' என்று கேட்டால், அதைத் திறந்து மறுபடி ஓட்டிக் காட்டலாம்.